ஒட்டுப்பால் பாடம்

இந்நாட்டில் மரங்கள் வெடிக்கின்றன. தாய்நாட்டிலிருந்து இதைப் படிக்கும் அன்பர்கள் உவமை என்று எண்ண வேண்டா. பால்மரம் என்று நாங்கள் வழங்கும் இரப்பர் மரத்தின் காய், ஆண்டில் ஒரு பருவத்தில் நன்கு உலர்ந்து, வெயில் ஏறியதும் படீரெனப் பிளந்து விதைகளைத் தெறிக்கவிடும். ஜோகூரில், காஹாங் ஊருக்கு உள்ளே ஒரு தோட்டத்தில் நான் ஆசிரியனாக இருக்கும் பள்ளிக்குத் தகரக் கூரை. விதை விழுந்தோறும் யாரோ கல்லெறிந்தாற்போல் ஓசை எழும். இத்தனை ஆண்டுகள் கழித்தும் நான் திடுக்கிட்டு நிமிர்கிறேன். பிள்ளைகள் நிமிர்வதில்லை. அவர்கள் சென்னையில் அச்சான வாசகப் புத்தகத்தை விரித்து, 'பனை நெடிதுயர்ந்த மரம்; அதன் நுங்கு கோடையில் குளிர்ச்சி தரும்' என்று ஒரே குரலில் ஓதிக்கொண்டிருப்பார்கள். அவர்களுள் ஒருவரும் பனையைக் கண்டதில்லை. கோடை என்பது யாதென்றும் அறியார். இங்கே ஆண்டு முழுதும் ஒரே வெயில், ஒரே மழை.

இக்குறையை எண்ணி நான் வருந்தியிருந்த காலத்தில்தான், ஜோகூர் பாருவில் தோட்டப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு மாநாடு கூட்டினார்கள். லாரியில் குளுவாங்கிற்குச் சென்று, அங்கிருந்து புகைவண்டி ஏறினேன். பேசியவர் கல்வித்துறையில் தேர்ந்தவர், கழுத்துவரை பொத்தான் இட்ட வெள்ளைச் சட்டை, வியர்க்காத நெற்றி. "கண்டதிலிருந்து காணாததற்கு" என்னும் கொள்கையை அவர் விளக்கினார். பிள்ளை அறியாத பனையை விட்டு, அறிந்த பால்மரத்திலிருந்து தொடங்குங்கள், சுவருக்குள் அடைக்காதீர்கள், பாடத்தை மரத்தடிக்குக் கொண்டுசெல்லுங்கள் என்றார். என் உள்ளத்தில் ஊமையாய்க் கிடந்த ஒன்றை ஒருவர் வாய்விட்டுச் சொல்வதுபோல் இருந்தது. அக்கொள்கை பிழையென்று நான் இன்றும் கருதவில்லை. ஆயினும் அவர் ஒன்றை எண்ணிப் பார்க்கவில்லை. கைதட்டிய எங்களுள் எவரும் எழுந்து வினவவும் இல்லை. அந்த மரம் யாருடையது?

திரும்பியவுடன் செயலில் இறங்கினேன். காலையில் பிள்ளைகளைப் பள்ளியை ஒட்டிய நிரைக்கு, அதாவது பால்மர வரிசைக்கு, அழைத்துச் சென்றேன். விதைகளைக் கொண்டு கூட்டலும் கழித்தலும் செய்தோம். பட்டையின் உயரத்தைச் சாணால் அளந்தோம். வெட்டு, மங்கு, வாளி என்று நாள்தோறும் அவர்கள் நாவில் புழங்கும் சொற்களைக் கற்பலகையில் எழுதச் செய்தேன். பால் வடியப் பட்டையில் சாய்வாகச் சீவுவது வெட்டு; அப்பாலை ஏந்த மரத்தில் கட்டிய கிண்ணத்தை இங்கே மங்கு என்பார்கள். தம் தாய்மார் தொடும் பொருளின் பெயரை எழுத்தில் கண்டபோது அப்பிள்ளைகளின் முகத்தில் தோன்றிய ஒளியை நான் பொய்யென்று சொல்ல மாட்டேன். சிந்திய பால் மரப்பட்டையிலும் வேரடியிலும் உறைந்து நாடாவாகப் படிந்திருக்கும், அது ஒட்டுப்பால். அதை உரித்து, நெடியது குறியது என்று பிரித்து வைப்பதும் எங்கள் பாடத்தில் ஒன்றாயிற்று.

அங்ஙனம் பிரித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் தோட்டத் துரை குதிரையில் வந்து நின்றார். வெள்ளையர். ஏவுவதற்கு வேண்டிய தமிழ் மட்டும் கற்றவர். பிள்ளைகள் முன் குவிந்திருந்த ஒட்டுப்பாலை நெடுநேரம் பார்த்தார்.

"வாத்தியார், நீ நல்ல ஆள். இது நல்ல படிப்பு. நாளைக்கும் போ."

ஜோகூரில் ஒரு தோட்டத் துரை கல்வியின் பயனை உணர்ந்தார் என்று அன்றிரவு நான் நண்பர் ஒருவருக்கு மடல் எழுதினேன். மறுநாள் தோட்டத்தின் தலைமை எழுத்தரான பெரிய கிராணி, அலுவலகத்திலிருந்து கோணிப்பைகளை அனுப்பிவைத்தார். 'பாடத்துக்கு' என்று சொல்லியனுப்பினார். அதன்பின் அருகிலிருந்த நிரை போதாதென்று அடுத்த நிரை. அதுவும் போதாதென்று ஓடைக்கு அப்பால். பைகள் நிறைந்து பால் கொட்டகைக்குச் சென்றன. பள்ளியில் கற்பலகைகள் அடுக்கியபடியே தூசு படிந்தன. பாடவேளைப் பட்டியலில் 'இயற்கைப் பாடம்' என்று நான் எழுதிய சொற்கள் மட்டும் அழகாக இருந்தன.

நான் பிறந்தது திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காட்டு ஓரம். அங்கே பள்ளி கண்ணியமாக நடந்தது என்று சொல்லி ஏங்குவோர் கூட்டத்தில் நான் இல்லை. அறுவடை வந்தால் பண்ணையாரின் ஆள் பள்ளி வாசலில் வந்து நிற்பான். உள்ளே வர மாட்டான், பேர் சொல்லியும் அழைக்க மாட்டான், கனைப்பான். அக்கனைப்புக்குக் கடைசி வரிசையில் பாதிப்பேர் எழுந்து போவார்கள். எங்கள் ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வார். அந்த முதுகை நான் மறக்கவில்லை. வாசலில் வந்து நிற்கும் அந்த ஆளைக் கடலுக்கு அப்பால் விட்டு வந்தேன் என்று நினைத்திருந்தேன். அங்கே பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துப் போனார்கள். இங்கே பள்ளி என்ற பெயரிலேயே அழைத்துப் போகிறார்கள். பண்ணையார் களவாடினார், களவு என்று அவருக்கும் தெரியும். இவர்களோ அதைப் படிப்பு என்கிறார்கள். அதற்கு என் வாயிலிருந்தே கொள்கையையும் எடுத்துக்கொண்டார்கள்.

இதை எனக்கு முதலில் உணர்த்தியவள் அஞ்சலை. கணவனை இழந்தவள், மரம் சீவுபவள். அவள் மகள் செல்லம்மா என் பள்ளியில் நன்றாக எழுதும் பிள்ளை. ஒரு மாலை அஞ்சலை பள்ளிக்கு வந்து, படியேறாமல் நின்றாள்.

"வாத்தியாரய்யா, நாளையிலேருந்து செல்லம்மா பள்ளிக்கூடத்துக்கு வராது."

காரணம் கேட்டேன்.

"ஒட்டுப்பால் உரிக்க நானே சொல்லிக் குடுப்பேனே. அதுக்குச் சட்டை தொவைச்சுப் போட்டு, தலைசீவி இங்க அனுப்பணுமா? எனக்குத் தெரியாததச் சொல்லிக் குடுப்பீங்கன்னுதானே அனுப்பினேன்."

எனக்குச் சினம் வந்தது. பனையை அறியாத பிள்ளைக்குப் பனையைக் கற்பித்து என்ன பயன் என்று மாநாட்டில் கேட்டதையெல்லாம் அவளிடம் சொன்னேன்.

"நானும்தான் பனமரம் பார்த்ததில்ல. கப்பல்ல வரும்போது கைக்குழந்தை. செல்லம்மா வந்து வீட்ல பனமரத்தப் பத்திப் படிக்கும். நுங்குன்னா இப்படி இருக்கும்மான்னு சொல்லும். இப்ப வந்து ஒட்டுப்பால் கணக்குச் சொல்லுது. அந்தக் கணக்கு எனக்குக் கங்காணி சொல்லுவாரு."

ஒரு வாரம் பொறுக்கும்படி மட்டும் வேண்டினேன். பிள்ளைகளை நிரைக்கு அனுப்ப முடியாது என்று மறுநாள் கிராணியிடம் சொன்னேன்.

"என்ன வாத்தியாரே, நாங்களா கூப்பிட்டோம்? மரத்தடிக்குக் கூட்டிட்டுப் போனது நீங்க. ஜோகூர் பாருல கத்துக்கிட்டு வந்தேன்னு லயத்துல வீடு வீடாச் சொன்னதும் நீங்க. இப்பப் படிப்பு கசக்குதா?" என்று சிரித்தார்.

துரையிடமே முறையிட்டேன். "ஐயா, பிள்ளைகளின் கை எழுதுகோல் பிடிக்கவேண்டிய நேரத்தில் கோணி சுமக்கிறது. இது கல்வியன்று, வேலை. இதற்கு நான் உடன்பட இயலாது" என்றேன். அவர் புருவம் சுருங்கியது. தமிழில் 'கூடாது' என்ற சொல்லை அவர் பிறருக்குச் சொல்லக் கற்றிருந்தார். பிறர் தமக்குச் சொல்லிக் கேட்டுப் பழகவில்லை. "வாத்தியார் என்ன கேக்கறான்?" என்று கிராணியைப் பார்த்தார். கிராணி ஆங்கிலத்தில் சில சொற்கள் சொன்னார். துரை முகம் மலர்ந்து என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். வெற்றி என்றே கருதிவிட்டேன். பின்னர்தான் அறிந்தேன்: வாத்தியாருக்கு வெயில் தாங்கவில்லை என்று கிராணி சொல்லியிருக்கிறார். துரை இரங்கி ஆணையிட்டிருக்கிறார்: வாத்தியார் நிழலில் இருக்கட்டும்; பிள்ளைகள் கங்காணியுடன் போகட்டும்.

அக்கருணையை நினைக்குந்தோறும் உடல் எரிகிறது. வசை மொழிந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாட்காலை, ஆட்களை வேலைவாங்கும் கங்காணி வாசலில் வந்து நின்றார். கனைத்தார். என் கையில் பழைய வாசகம் இருந்தது. கரும்பலகைப் பக்கம் நான் திரும்பவில்லை. நாற்காலியை எடுத்து வாசற்படியின் குறுக்கே இட்டு, அதில் அமர்ந்து, பனைப் பாடத்தைத் தொடங்கினேன். வேரைச் சொன்னேன், தண்டைச் சொன்னேன், ஓலையைச் சொல்லி, அந்த ஓலையில் நம் முன்னோர் எழுதியதைச் சொன்னேன், தேரிக்காட்டின் செம்மணலையும், பாளை சீவிப் பதநீர் இறக்குவோர் காலில் மாட்டும் தளைநாரையும் சொன்னேன். கங்காணி படியில் குந்தி வெற்றிலை மடித்தார். மடித்த வெற்றிலை தீர்ந்தது.

"வாத்தியாரே, பனமரம் இன்னும் எவ்வளவு ஒசரம் வளரும்?"

"அது மெதுவா வளர்ற மரம், கங்காணி. உக்காருங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, பின் தாம் சிரித்ததற்காகச் சினந்து எழுந்து போனார். நண்பகலில் வேலை முடிவை அறிவிக்கத் தண்டவாளத் துண்டைத் தட்டும் ஓசை கேட்கும்வரை நான் பாடத்தை நிறுத்தவில்லை. அதன் பின்னும் ஒவ்வொரு காலையும் அவ்வாறே நடக்கிறது. கிராணி என்னோடு பேசுவதில்லை. இப்பள்ளிக்கு வேறு ஆசிரியர் தேடுகிறார்கள் என்று கேள்வி. செல்லம்மா வருகிறாள்.

இதனிடையே மாநாட்டாரிடமிருந்து அழைப்பு வந்திருக்கிறது. அவர்கள் கற்பித்ததை நான் செயற்படுத்திய சிறப்பைத் துரை அவர்களுக்கு எழுதியிருக்கிறாராம். அடுத்த கூட்டத்தில் நான் அதுபற்றிக் கட்டுரை வாசிக்க வேண்டுமாம். அதுவரை இங்கே இருந்தால் வாசிப்பேன். யாருடைய மரம் என்ற வினாவிலிருந்து தொடங்குவேன். அவர்கள் கைதட்ட மாட்டார்கள்.

நேற்றுப் பிள்ளைகளைக் கற்பலகையில் பனை வரையச் சொன்னேன். காணாத மரத்தை என் சொற்களைக் கொண்டே வரைய முயன்றார்கள். செல்லம்மாவின் பனை நேராக, நெடிதாக, உச்சியில் விசிறி ஓலைகளோடு நின்றது. என் ஊர்ப் பனை அது என்றே சொல்லலாம். அதன் தண்டில், அவள் நெஞ்சு உயரத்தில், சாய்வாக ஒரு வெட்டு இட்டிருந்தாள். வெட்டின் அடியில் கம்பியால் கட்டிய மங்கு ஒன்று. பிழை என்று திருத்த ஈரத்துணியை எடுத்தேன். கூரைமேல் விதை விழுந்தது. நான் நிமிர்ந்தேன், அவள் நிமிரவில்லை, மங்கிற்குள் சொட்டும் பாலைப் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டிருந்தாள். துணியைக் கீழே வைத்துவிட்டேன். அவளுக்கு வேறு கற்பலகை கொடுத்து, பனை வரைந்த பலகையை எடுத்துச் சன்னலோரம் சாய்த்து வைத்திருக்கிறேன். சன்னலுக்கு வெளியே கண்ணுக்கு எட்டியவரை பால்மரம். அவற்றின் முன்னே அந்த ஒற்றைப் பனை, தண்டில் வெட்டுடன்.