துணி அலமாரியில் மூன்று கத்திகள்

மகளின் அலமாரியை அடுக்கும்போது அவை கையில் தட்டுப்பட்டன. பள்ளிச் சீருடைக்குக் கீழே, பழைய துப்பட்டாவில் சுற்றி, என் சமையலறைக் கத்திகள் மூன்றும், கத்தரிக்கோலும். இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

அவளுக்குப் பதின்மூன்று வயது. அந்த நேரம் குளித்துக்கொண்டிருந்தாள். கதவோரம் போய் நின்று தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டேன். சத்தம் நின்றதும் தட்டினேன்.

"இன்னாம்மா?"

"ஒண்ணுமில்ல" என்றேன். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் தட்டினேன்.

ஒரு மாதமாகவே அவள் சரியில்லை. காலையில் வயிற்றுவலி என்பாள். பள்ளி பஸ் போனதும் வலியும் போய்விடும். ஸ்கேனில் ஒன்றுமில்லை. மிரட்டினோம், கெஞ்சினோம். வகுப்பு ஆசிரியை ஒரு மனநல கவுன்சிலரின் போன் நம்பரைக் கொடுத்தபோது, "எம்பொண்ணு இன்னா பைத்தியமா?" என்று சண்டை போட்டுவிட்டு வந்தவள் நான்.

நாங்கள் இருக்கும் ஹெப்பகோடியில்தான் என் கணவருக்கு ஃபேக்டரி வேலை. நான் போன் செய்ததும் ஷிப்டை விட்டு ஓடிவந்தவர், கத்திகளைப் பார்த்துவிட்டு மறுபடி துப்பட்டாவில் சுற்றினார்.

"அவள கேட்டியா?"

"கேக்க பயமா இருக்கு."

"எனக்கும்தான்" என்றார். அந்த நம்பரைத் தேடியெடுத்து நானே போன் செய்தேன்.

மறுநாள் இரண்டு பஸ் மாறி, கவுன்சிலர் இருக்கும் ரிச்சர்ட்ஸ் டவுன் போனோம். வழியெல்லாம் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். "வலிக்குதும்மா, விடு" என்றாள். விட முடியவில்லை.

கவுன்சிலர் என் வயதுக்காரி, தமிழ் பேசுகிறவர். "முதல்ல அவகூட தனியா பேசறேன். அவ சொல்றத அவளக் கேக்காம வெளிய சொல்ல மாட்டேன். ஆனா உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா உங்ககிட்ட மறைக்க மாட்டேன்" என்றார்.

கடைசி வார்த்தைகள் மட்டும்தான் எனக்குள் தங்கின. மூடிய கதவுக்கு வெளியே உட்கார்ந்து, அவளை எப்போதெல்லாம் அடித்தேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தலையணையில் முகம் புதைத்து அழுதவளை, "நாடகம் போடாத" என்று சொன்னதும் ஞாபகம் வந்தது. கதவு திறந்ததும் நானும் கணவரும் உள்ளே போனோம்.

"அவ தன்னைக் காயப்படுத்திக்க அத எடுக்கல. நேராவே கேட்டுட்டேன்" என்றார் கவுன்சிலர். பிறகு அவளிடம், "மிச்சத்த நீ சொல்றியாம்மா?" என்றார்.

மகள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "அம்மா காய் நறுக்கும்போது விழுந்துட்டா? கத்தி மேலயே விழுந்துட்டா?"

இரண்டு மாதத்துக்கு முன் எனக்குச் சமையலறையில் பிட்ஸ் வந்தது. வீட்டில் அவள் மட்டும்தான் இருந்தாள். எனக்கு ஒன்றுமே நினைவில்லை. கண் செருகி, வாயில் நுரை தள்ளி நான் கிடந்தது முழுக்க அவளுக்கு நினைவிருக்கிறது. செத்துவிட்டேன் என்றே நினைத்திருக்கிறாள். டாக்டர் மாத்திரை கொடுத்தார். நான் அவளிடம் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: "யார்கிட்டயும் மூச்சு விடாத." வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ, நாளைக்கு அவளைப் பெண் கேட்டு வருகிறவர்கள் ஓடிவிடுவார்களோ என்றெல்லாம் எனக்குப் பயம். அவளோ பள்ளிக்கூடம் போகாமல் எனக்குக் காவல் இருந்திருக்கிறாள்.

"உங்களுக்குப் பயமில்லையா?" என்று கவுன்சிலர் கேட்டார்.

"மாத்திரை போடறேன், சரியாயிடும்" என்றேன்.

"பொய்" என்றாள் மகள். "நீ குளிக்கும்போது தாழ்ப்பாளே போடறதில்ல."

அப்போதுதான் அழுதேன். "பயமாத்தான் இருக்கு கண்ணு. தெனமும்." என் கணவரிடம்கூட அதை நான் சொன்னதில்லை.

பிட்ஸ் வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைப்பது, வாயில் எதையும் வைக்காமலிருப்பது, எத்தனை நிமிடம் என்று பார்ப்பது, ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவது என்று மூவருக்கும் கவுன்சிலர் சொல்லிக்கொடுத்தார். "காவல் காக்கறது குழந்தையோட வேலை இல்ல. பகல்ல உங்கள பாத்துக்க பெரியவங்க ஒருத்தர் வேணும்" என்றார்.

பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மாவின் கதவு வரை இரண்டு முறை போய்த் திரும்பினேன். மூன்றாம் முறை சொல்லிவிட்டேன். "இஷ்டேனா? மொதலே ஹேளபாரதா?" என்றார். இவ்வளவுதானா, முன்பே சொல்லக்கூடாதா என்று. அன்றிலிருந்து பகலில் அவ்வப்போது வந்து என்னை எட்டிப்பார்த்தார்.

முதல் வாரம் பாதி நாள்தான் பள்ளிக்குப் போனாள். மதியம் ஒருமுறை ஆசிரியையின் போனில் என்னிடம் பேசுவாள். வாரா வாரம் ரிச்சர்ட்ஸ் டவுன் போனோம். வயிற்றுவலி மெல்லக் குறைந்தது.

பிறகு ஒரு வியாழக்கிழமை எனக்கு மறுபடியும் வந்தது. அவள் பள்ளியில் இருந்தாள். கண் விழித்தபோது பக்கத்து வீட்டம்மா என் தலையைத் தாங்கி உட்கார்ந்திருந்தார். மாலையில் மகள் வந்ததும் மறைக்காமல் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"எத்தன நிமிஷம்?"

"ரெண்டுன்னு சொன்னாங்க."

என் பக்கத்தில் வந்து ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். அவள் நெஞ்சு அடித்துக்கொள்வது என் தோளில் தெரிந்தது. மறுநாள் காலை பஸ் வந்தபோது படியில் கால் வைத்து, என்னைத் திரும்பிப் பார்த்து, ஏறிப் போனாள்.