மூடிமேல் வைத்த சந்தனப் பொட்டு

போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்குப் புது மின்சார ஸ்கூட்டர் வந்தது. மகளுக்குத்தான். சேலத்தில் வேலைக்குப் போகிறவள், இனிமேல் டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் ஓட முடியாது என்று ஒரே பிடிவாதம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, சந்தனக் கிண்ணத்தோடு வண்டியைச் சுற்றி வந்தேன். எந்த வண்டியானாலும் முதலில் மோந்து பார்ப்பது என் பழக்கம். இதில் புது பிளாஸ்டிக் வாளியின் வாசம்தான் வந்தது. முன்பக்கம் ஒரு பொட்டு, கண்ணாடிக்கு ஒரு பொட்டு வைத்தாயிற்று. பக்கவாட்டில் ஒரு சின்ன மூடி இருந்தது. அதை நோக்கிப் போன விரல் தானாக நின்றுவிட்டது. "என்னம்மா?" என்றாள் மகள். ஒன்றுமில்லை என்றேன்.

ஒன்றுமில்லாமல் என்ன! நான் அந்த நேரத்தில் பல வருஷம் பின்னால் போய், மேட்டூர் அணையில், ஒரு ஃபைபர் படகில் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் மூக்கைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். ஜலகண்டாபுரத்தில் தறி வீட்டில் பிறந்தவள் நான். பாவு நூலுக்குப் போடும் கஞ்சி புளித்துவிட்டதா என்று தெரிய வேண்டுமென்றால் அப்பா என்னைத்தான் கூப்பிடுவார். பக்கத்து வீட்டில் என்ன குழம்பு என்று சொல்லிவிடுவேன் என்பதால் அம்மா எனக்கு வைத்த பெயர் மோப்பக்காரி. வேதியியல் படித்து முடித்ததும், தண்ணீரைச் சோதிக்கும் ஆபீஸ் ஒன்றில் மேட்டூரில் வேலை கிடைத்தது. வாரம் ஒருமுறை படகில் போய் அணையில் அங்கங்கே பாட்டிலில் தண்ணீர் பிடித்து வர வேண்டும். எனக்கு நீச்சல் தெரியாது. கழுத்துவரை மிதவைச் சட்டையைக் கட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கும் அழகைப் பார்த்து மீன்பிடிக்கிறவர்கள் வலையை விட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

படகு ஓட்டியவர் பழனிச்சாமி அண்ணன். திருச்செங்கோட்டுக்காரர். ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் லாரியை வருஷக் கணக்காக வடக்கே ஓட்டிவிட்டு, எப்படியோ எங்கள் படகுக்கு வந்து சேர்ந்தவர். ரிக் லாரிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை காலையில் வண்டியில் எதையும் விடாமல் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். ஸ்டியரிங், டயர், ஜாக்கி, ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் நெற்றி உண்டு என்பது அவர்கள் கணக்கு. அண்ணன் அதைப் படகுக்கும் கொண்டு வந்துவிட்டார். துடுப்புக்குப் பொட்டு, நங்கூரத்துக்குப் பொட்டு, தண்ணீர் மொள்ளும் என் வாளிக்குக்கூடப் பொட்டு. ஒரு தடவை பாட்டிலுக்கும் வைக்க வந்தார். அண்ணா, இது சோதனைக்குப் போகிறது, ரிசல்ட்டில் சந்தனம் என்று எழுத முடியாது என்று கெஞ்சித் தடுத்தேன்.

லாரியை ஏன் விட்டார் என்று ஒருநாள் அவரே சொன்னார். எங்கோ வடக்கே, பாஷை தெரியாத ஊரில், நிறுத்தியிருந்த வண்டிகளுக்கு நடுவிலிருந்து ஓர் ஆள் திடீரென்று குறுக்கே வந்துவிட்டார். பிழைக்கவில்லை. உங்கள் மேல் தப்பில்லை என்று போலீஸே சொல்லி அனுப்பியதாம். அண்ணன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. அவசரத்தில் வண்டிக்குப் பொட்டு வைக்காமல் கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு எந்த வண்டியில் உட்கார்ந்தாலும் பிரேக் மேல் வைத்த கால் நடுங்கும் என்றார்.

"தண்ணியில யாரும் குறுக்க வரமாட்டாங்க அம்மிணி" என்று சொல்லிவிட்டு, எஞ்சின் கைப்பிடியைத் திருப்பிக் கொண்டார்.

அந்த வருஷம் படகுக்குப் புது பெட்ரோல் டாங்கி வாங்கினார்கள். சிவப்பு நிறத்தில், கையில் தூக்கிப் போகிற அளவு. பழைய டாங்கியின் மூடி லொடலொடவென்று ஆடும். இது நன்றாக இறுகி மூடியது. எல்லோருக்கும் சந்தோஷம். கொஞ்ச நாளில் படகில் பெட்ரோல் வாசம் அடிக்க ஆரம்பித்தது.

லேசான வாசம் என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் படகில் கால் வைத்தால் நெற்றிப்பொட்டில் வலி தெறிக்கும். பலகையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் தேங்கிய தண்ணீரில் வானவில் மிதக்கும். ஒரு வாரம் நான் கொண்டுவந்த தண்ணீரிலேயே பெட்ரோல் வாடை. காவிரியிலா படகிலா, எதில் இருக்கிறது என்று ஆபீஸில் கேட்டார்கள். போதாக்குறைக்கு எஞ்சினுக்கு நடுத்தண்ணீரில் விக்கல் எடுக்கும். டாங்கியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடினால், எதுவுமே நடக்காததுபோல் ஓடும். நடுத்தண்ணீரில் எஞ்சின் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் வேண்டிக்கொண்ட சாமிகளுக்கெல்லாம் இன்னும் மொட்டை பாக்கி இருக்கிறது.

நானும் அண்ணனும் தேடாத இடமில்லை. சோப்புத்தூள் போட்டுப் படகைக் கழுவிக் காயவைத்தோம். வாசம் திரும்ப வந்தது. எங்கள் வீட்டுத் தறியில் மிஞ்சிய வெள்ளைத் துணியை நாடா நாடாவாகக் கிழித்துக்கொண்டு போய், பெட்ரோல் போகும் குழாயில் ஒவ்வோர் இணைப்பிலும் சுற்றிக் கட்டினேன். படகுக்கு ஊற்றுவது ஆயில் கலந்த பெட்ரோல், கசிந்தால் துணியில் கறை நிற்கும் என்பது என் யோசனை. படகு காயம்பட்ட ஆள் மாதிரி அங்கங்கே கட்டுப் போட்டுக்கொண்டு கரையில் கிடந்தது. சாயங்காலம் பார்த்தால் டாங்கியை ஒட்டிய இணைப்பில் மட்டும் கறை. பிடித்துவிட்டோம் என்று குதித்தேன். புதுக் கிளிப் போட்டு இறுக்கினோம். அடுத்த வாரமே மறுபடி வாசம்.

இதில் அண்ணனுக்கு ஒரு பயம் புகுந்துகொண்டது. படகுக்கு ஏதோ தோஷம் என்று நினைத்துவிட்டார். வாசம் கூடக் கூடச் சந்தனத்தையும் கூட்டினார். பொட்டு அப்பமாகத் தடித்தது. ஒருநாள் ஊதுபத்திக் கட்டோடு படகில் ஏற வந்தவரைக் கரையிலேயே கையைப் பிடித்து நிறுத்தினேன். அன்றைக்குப் பற்றியிருந்தால் இன்றைக்கு இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். சந்தனமும் பெட்ரோலும் கலந்த அந்த வாசம் என் புடவையிலிருந்து சோற்றுப் பொட்டலம் வரைக்கும் ஏறிவிட்டது.

நடுவில் சொந்தக்காரர் கல்யாணத்துக்கென்று அண்ணன் லீவில் போனார். வேறொருவர் வந்து படகை நன்றாகக் கழுவித் துடைத்து ஓட்டினார். வாசமே இல்லை. எஞ்சின் விக்கவில்லை. அண்ணன் திரும்பி வந்தார், வாசமும் கூடவே வந்தது. எங்கள் அதிகாரி கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். கதவைச் சாத்திவிட்டு, அந்த ஆள் படகில் பீடி பிடிக்கிறாரா, பெட்ரோலை எடுக்கிறாரா என்று என்னிடம் கேட்டார். வெற்றிலைகூடப் போடாத மனிதர் சார் என்றேன். இந்த மாசத்துக்குள் வாசம் போகவில்லையென்றால் படகைக் கரையேற்றிவிட்டு, பழனிச்சாமியை ஜீப்புக்கு அனுப்பிவிடப் போவதாகச் சொன்னார்.

ஜீப் என்று நான் போய்ச் சொன்னதும் அண்ணன் முகம் எப்படிப் போனது என்பதை என்னால் எழுத முடியவில்லை. கால் தெரியாமல் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். கால் நடுங்கியிருக்கும்.

மற்றவர் செய்யாத எதை இவர் செய்கிறார்? அதுதான் எனக்கு ஓடிக்கொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஜலகண்டாபுரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து மேட்டூர் போய், படகுக்கு எதிரே கரைக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் வந்தார். நடுவிரலால் சந்தனத்தைத் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டே போனார். கைப்பிடிக்கு, எஞ்சினுக்கு, நங்கூரத்துக்கு. கடைசியில் டாங்கி மூடியின் நட்டநடுவில் ஒன்றை வைத்து, பாசமாக அழுத்தினார். மேலே குங்குமம். பிறகு கண்ணை மூடிக் கும்பிட்டார்.

வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தேன். டாங்கியிலிருந்து டொப்பென்று ஒரு சத்தம் வந்தது. தகரத்தின் வயிறு உப்பியிருந்தது. எனக்கு எங்கள் வீட்டுக் குக்கர் ஞாபகம் வந்தது. பருப்புத்தோல் அடைத்துக்கொண்டால், போக வழியில்லாத ஆவி ஓரத்தில் சீறிக்கொண்டு வருமே. படகில் ஏறி, புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, காய்ந்த பொட்டின் நடுவில் குத்தினேன். புஸ்ஸென்று காற்று என் முகத்தில் அடித்தது. பொட்டை வழித்துப் பார்த்தால், கீழே மூடியில் கடுகு நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. உள்ளே காற்றுப் போய்வர வைத்த ஓட்டை. அதை அடைத்தால் ஓடும்போது பெட்ரோல் இறங்காது, எஞ்சின் விக்கும். வெயிலில் நின்றால் உள்ளே ஆவி முட்டி, பெட்ரோலை இணைப்பு வழியாகப் பிதுக்கித் தள்ளும். இதைக் கண்டுபிடிக்க வேதியியல் படித்தவளுக்கு அத்தனை நாள் ஆயிற்று. மோப்பக்காரியாம்!

எனக்குச் சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. இதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது? காப்பாற்றும் என்று நம்பி அவர் வைத்த பொட்டு அது. அதுதான் காரணம் என்றால் மனிதர் உடைந்துபோவாரே என்று பயமாக இருந்தது. சொல்லாமலும் முடியாது. அண்ணனைப் படகுக்குக் கூப்பிட்டு, மூடியைக் கழற்றிக் கையில் கொடுத்து, ஓட்டையைக் காட்டி, மெதுவாகச் சொன்னேன். அவர் மூடியைத் தூக்கி அந்த ஓட்டை வழியாக வானத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அம்மிணி, பொட்டு வெச்சும் இது கெட்டுப்போச்சுங்களே. அப்ப, அன்னைக்கு நான் வெக்காம போனதுனால அந்த ஆளு சாகலைங்களா?"

நான் எதிர்பார்த்த கேள்வி இது இல்லை. இத்தனை வருஷமாக அவர் மனசில் எது கிடந்து அழுத்தியது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"இல்லீங்ணா. அதுனால இல்லீங்ணா" என்றேன்.

அவர் ஓரமாகக் குனிந்து அணைத் தண்ணீரை அள்ளி அள்ளி முகம் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். நான் வேறு பக்கம் திரும்பிப் பாட்டில்களை அடுக்கினேன், ஏற்கெனவே அடுக்கிய பாட்டில்களைத்தான். பிறகு, டாங்கியின் பக்கவாட்டில் விரலை வைத்து, இங்கே வைக்கலாமா என்று என்னைக் கேட்டார். தாராளமாக வையுங்கள் என்றேன். அதற்குப் பிறகு அந்தப் படகில் வாசம் வரவில்லை. ஜீப் பேச்சும் அதோடு நின்றது.

சில வருஷம் கழித்து ஜலகண்டாபுரத்தில் என் கல்யாணம். மண்டபத்து வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஓட்டுகிற சீட்டிலிருந்து பழனிச்சாமி அண்ணன் இறங்கினார். அவருடைய மச்சான் காராம். திருச்செங்கோட்டிலிருந்து அத்தனை தூரமும் அவரே ஓட்டி வந்திருக்கிறார். "நானே ஓட்டிட்டு வந்தேனுங்க அம்மிணி" என்றார். மணவறைக்குப் போக வேண்டிய பெண், வாசலில் நின்று மை கரைய அழுததை என் வீட்டுக்காரர் இன்றுவரை சொல்லிக் காட்டுவார்.

இப்போது அணையில் படகு போவதில்லை. மிதவை ஒன்று நின்ற இடத்திலேயே தண்ணீரைச் சோதித்து செல்போனுக்கு எண்களை அனுப்புகிறதாம். எங்கள் படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அதன் நிழலில் ஆடுகள் படுத்திருந்ததைக் கடைசியாகப் பார்த்தேன். அடுத்த முறை போனபோது படகும் இல்லை. அண்ணன் போய்ச் சேர்ந்தும் நாளாயிற்று.

ஸ்கூட்டர் மூடியை விட்டுவிட்டு, பக்கத்தில் தள்ளிப் பொட்டை வைத்தேன். ஏன் அங்கே என்று கேட்டாள் மகள். மூடியில வெக்கக்கூடாது, காத்து போகோணும் என்றேன்.

"இதுல பெட்ரோலே இல்லீங்கம்மா" என்று சிரித்தாள்.

வாஸ்தவம்தான். அவள் சாவி எடுக்க உள்ளே போன நேரத்தில் இன்னொரு முறை குனிந்து மோந்து பார்த்தேன். சந்தனம் மட்டும்தான் மணத்தது.