தூக்கிப் பார்த்து வாங்கிய ஸ்பீக்கர்

கோயமுத்தூர் கணபதி பகுதியில் மோட்டார் பட்டறை வைத்திருந்த தம்பிதுரைக்கு உலகத்தில் இரண்டே வகைப் பொருள்கள்தான் உண்டு. ஒன்று கனமானது, இன்னொன்று காத்து. எதைக் கொடுத்தாலும் உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பார். கனம் இல்லையென்றால் உதட்டைச் சுழித்து, "வெறுங்காத்துங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். மிக்ஸி, கைக்கடிகாரம், கல்யாணப் பத்திரிகை, மனிதர்கள் எல்லாவற்றுக்கும் இதே தராசுதான்.

காங்கேயம் பக்கத்திலிருந்த விவசாயக் காட்டை விற்றுவிட்டு, ஒன்பதாம் வகுப்பு ஃபெயிலோடு கோயமுத்தூர் வந்தவர் அவர். பம்ப் கம்பெனி ஒன்றில் மோட்டார் காயில் சுற்றப் பழகி, பிறகு சொந்தப் பட்டறை போட்டார். மோட்டாரைத் தூக்கிய மாத்திரத்தில் உள்ளே இருப்பது செம்புக் கம்பியா, அலுமினியக் கம்பியா என்று சொல்லிவிடுவார். அதில் பொய் கிடையாது. பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அப்படிச் சரியாக இருந்து தொலைத்ததுதான் அவரைக் கெடுத்தது. மோட்டார் தெரிந்தவனுக்கு மற்றதெல்லாம் எம்மாத்திரம் என்று முடிவு கட்டிவிட்டார்.

அவர் மதிக்காதவர்களின் வரிசை நீளமானது. பேங்க் மேனேஜர் காத்து. டை கட்டிய இன்ஜினியர்கள் காத்து. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்து அவரைவிடப் பெரிய கார் வாங்கிய சகலை சுத்தமான காத்து. மனைவி சென்னியம்மாள் ஏதாவது சொல்ல வாயெடுத்தாலே, "உனக்கென்ன தெரியும், சும்மா இரு" என்று அடக்கிவிடுவார். ஊரில் யார் அவரைப் பற்றி என்ன நினைத்தாலும் அவருக்குக் கால் தூசு. ஒரே ஒருத்தி என்ன நினைக்கிறாள் என்பதுதான் அவரை உறுத்தும். அவள் மகள் சண்முகப்பிரியா. கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். 'அப்பாவுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது' என்று அவள் ஒருநாள் பார்த்துவிடக் கூடாதே என்ற பயத்தில், தெரியாததையெல்லாம் தெரிந்ததுபோலப் பேசிப் பேசி, கடைசியில் தெரியும் என்று தானே நம்பிவிட்டார்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் அவளுக்காக வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். அவளுடைய ப்ராஜெக்ட் வாய் திறந்து பேசுகிற ப்ராஜெக்ட். பஸ்ஸின் எண்ணைத் தட்டினால் அது எந்த ஊருக்குப் போகிறது, எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டரே அறிவிக்கும். ஊர்ப் பெயர்களையெல்லாம் மைக் வைத்து அவளே பேசிப் பதிவு செய்திருந்தாள். கம்ப்யூட்டரோடு இலவசமாக வந்த ஸ்பீக்கர்தான் காலை வாரியது. கோபி என்றாலும் காங்கேயம் என்றாலும் ஒரே கரகரப்பு. திங்கட்கிழமை கல்லூரியில், வெளியிலிருந்து வரும் பேராசிரியர்கள் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். அவளுடைய டிகிரியே அதில்தான் இருந்தது.

"அப்பா, மெஹராஜ் ஊட்டுல இருக்கற மாதிரி சின்னதா ஒரு ஜோடி ஸ்பீக்கர் போதுமுங்க. கம்ப்யூட்டருக்குன்னே பண்றது. வெலையும் கம்மிதானுங்க" என்றாள். மெஹராஜ் அவளோடு படிக்கிற தோழி. இன்னொரு தோழியின் அக்கா கல்யாணத்துக்காக இருவரும் சனிக்கிழமை காலையில் கோபிசெட்டிபாளையம் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அதையெல்லாம் நான் பாத்துக்கறேன் கண்ணு. நீ நிம்மதியாப் போய்ட்டு வா."

அவள் மேஜையிலிருந்த ஐந்து ஃப்ளாப்பிகளைக் காட்டினாள். "எல்லாத்தையும் இதுல காப்பி பண்ணி வெச்சிருக்கறனுங்க. கம்ப்யூட்டருக்கு ஏதாச்சும் ஆனாலும் இது இருந்தாப் போதும். பத்தரமுங்கப்பா."

தம்பிதுரை ஒன்றை எடுத்து உள்ளங்கையில் ஆட்டினார். அட்டை மாதிரி இருந்தது. 'காத்து' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மகள் ஆயிற்றே என்று விழுங்கிக்கொண்டார்.

காந்திபுரத்தில் வரதராஜுலு என்பவர் எலெக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருந்தார். தம்பிதுரை போய் நின்றதும், சண்முகப்பிரியா சொன்ன அதே சின்ன ஜோடியை எடுத்து வைத்தார். பெட்டியின்மேல் ஏதோ பெரிய வாட்ஸ் கணக்கு அச்சடித்திருந்தது. தம்பிதுரை ஒன்றைத் தூக்கினார்.

"ஏனுங்க, இதுக்குள்ள ஏதாச்சும் இருக்குதுங்களா? இல்ல, டப்பாவ மட்டும் விக்கறீங்களா?"

"கம்ப்யூட்டருக்கு இது போதுமுங்க மொதலாளி. சத்தம் சுத்தமா இருக்கும். வேண்ணா போட்டுக் காட்டட்டுங்களா?"

"கேக்கறதுக்கு என்ன இருக்குது? கையிலயே தெரியுதே. வெறுங்காத்து."

காதால் கேட்டு வாங்க வேண்டிய பொருளைக் கையால் எடைபோட்டு ஒதுக்கிய வாடிக்கையாளரை வரதராஜுலு ஒரு கணம் பார்த்தார். பிறகு உள்ளே போய், மூடிப்போன டூரிங் கொட்டகையிலிருந்து எப்போதோ வாங்கிப்போட்டு, கேட்பாரில்லாமல் தூசி படிந்து கிடந்த ஒரு ஸ்பீக்கரை இரண்டு கையாலும் சுமந்துவந்து கவுண்டரில் வைத்தார். அதன் பின்னால் தோசைக்கல் அகலத்துக்கு ஒரு காந்தம். தம்பிதுரை கடையிலிருந்த ஸ்பானர் ஒன்றை வாங்கி அதன் பக்கத்தில் கொண்டுபோனார். ஸ்பானர் அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் 'டங்' என்று ஒட்டியது. தம்பிதுரையின் முகம் மலர்ந்துவிட்டது.

"இது பொருளுங்க!" என்றார்.

அந்தச் சின்ன ஜோடியின் விலைக்கே அது கிடைத்ததில் அவருக்கு இரட்டைச் சந்தோஷம். அன்று மத்தியானமே மரப்பெட்டி ஒன்றை, பின்பக்கம் திறந்தபடி அடிக்கச் சொல்லி, ஸ்பீக்கரை அதில் பொருத்தினார். பட்டறையில் கிடந்த பழைய டேப்ரிக்கார்டரின் ஆம்ப்ளிஃபயரைக் கழற்றி இணைத்தார். சந்தனமும் குங்குமமும் வைத்து, கம்ப்யூட்டர் திரையை ஒட்டினாற்போல் பெட்டியை நிறுத்தினார். மேஜையில் இடமில்லாமல் போனது. ஃப்ளாப்பிகளை எங்கே வைப்பது?

அதற்கு அவரிடம் வழி இருந்தது. பட்டறையில் ஆணி, திருகு, ஆலன் கீ எதுவும் தொலையாது. பழைய காந்தம் ஒன்றைச் சுவரில் மாட்டி, எல்லாவற்றையும் அதில் ஒட்டவைத்துவிடுவார்கள். ஃப்ளாப்பியின் ஓரத்தில் தகடு ஒன்று பளபளவென்று இருந்ததை அவர் பார்த்தார். ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ப் பெட்டியின் பின்பக்கம், அந்தப் பெரிய காந்தத்தின் மேல் வைத்தார். பச்சக் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டன. இனி கீழே விழாது, எலி இழுக்காது, யாரும் காலில் மிதிக்க மாட்டார்கள். இவ்வளவு பத்திரம் எந்தக் காலேஜ்காரனுக்குத் தோன்றும்?

பிறகு மகள் சொல்லிக்கொடுத்தபடி ஒரு பஸ் எண்ணைத் தட்டினார். வீட்டுப் பாத்திரமெல்லாம் அதிர, "காங்கேயம் செல்லும் பேருந்து" என்று சண்முகப்பிரியாவின் குரல் கிளம்பியது. கூடவே 'உம்ம்ம்' என்று ஓர் இரைச்சல்.

"கெணத்துக்குள்ள உளுந்தவ கூப்புடற மாதிரி இருக்குதுங்க" என்றாள் சென்னியம்மாள்.

"உனக்கென்ன தெரியும், சும்மா இரு."

அவர் அதே எண்ணை இன்னொரு முறை தட்டிக் கேட்டார். தான் விட்டுவந்த ஊரின் பெயரைத் தன் மகள் வீடே அதிரச் சொல்கிறாள். திங்கட்கிழமை அந்தப் பேராசிரியர்கள் வாயைப் பிளப்பார்கள், 'இந்த ஸ்பீக்கர் எங்கப்பா வாங்கினது' என்று அவள் சொல்வாள் என்று நினைத்துக்கொண்டார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இத்தனை பாடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால், திரையின் ஸ்பீக்கர் பக்கம் முழுக்க ஊதாவும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாகக் கிடந்தது. தம்பிதுரை பேப்பரில் படித்திருந்தார். வைரஸ்! உடனே கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிற அன்புமணியைக் கூப்பிட்டனுப்பினார். சரவணம்பட்டியிலிருந்து பஸ் பிடித்து வந்த அன்புமணி, திரையைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான்.

"ஸ்பீக்கரக் கொஞ்சம் தள்ளி வெச்சுப் பாக்கலாமுங்களா?"

"ஸ்பீக்கர் எடத்த உட்டு அசையாது. இது வைரசு. முழுக்க அழிச்சுப்போட்டுப் புதுசா ஏத்து. பேப்பர்லயே போட்டிருக்கறான்."

"ஃபார்மட் பண்ணுனா உள்ள இருக்கறது பூராவும் போயிருமுங்க. காப்பி இருக்குதுங்களா?"

"எல்லாம் ஃப்ளாப்பில பத்தரமா இருக்குது. நான் சொன்னதச் செய்யப்பா." மூன்று மாதக் கோர்ஸ் படித்துவிட்டு எதிர்க்கேள்வி கேட்கிறான், காத்துப் பயல், என்று மனதுக்குள் திட்டினார்.

அன்புமணி செய்துவிட்டுப் போனான். அழித்த பிறகும் ஊதாவும் பச்சையும் அப்படியேதான் இருந்தன.

சாயங்காலம் சண்முகப்பிரியா வந்தாள். தலையில் வைத்த பூகூட வாடியிருக்கவில்லை. திரையைப் பார்த்தவள், பெட்டியைக் கஷ்டப்பட்டு மேஜையிலிருந்து இறக்கி அறையின் மூலைக்குத் தள்ளினாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும் திட்டுகள் மறைந்து திரை பளிச்சென்று ஆனது. தம்பிதுரைக்கு முதன்முதலாக ஒரு சந்தேகம் தட்டியது. அதை மறைக்க, வைரஸ் வந்ததையும் தான் சமயோசிதமாக எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னதையும் சத்தமாகச் சொன்னார்.

"பரவால்லீங்க" என்றாள் அவள். முகம் வெளுத்திருந்தது. "ஃப்ளாப்பி எங்கீங்கப்பா?"

தம்பிதுரைக்கு உயிர் வந்தது. மூலைக்குப் போய்ப் பெட்டியைத் திருப்பிக் காட்டினார். "பாரு கண்ணு. ஒண்ணுகூட உளாது. பட்டறையில நாங்க இப்படித்தான் வெப்போம்."

சண்முகப்பிரியா காந்தத்தில் ஒட்டியிருந்த ஃப்ளாப்பிகளை எண்ணிப் பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டாள். அது கர்கர்ரென்று தேடிவிட்டு, படிக்க முடியவில்லை என்றது. அடுத்ததைப் போட்டாள். அதுவும் அப்படியே. ஐந்தும் அப்படியே.

"என்ன கண்ணு, என்ன ஆச்சு? உடஞ்சு கிடஞ்சு போச்சா? நல்லாத்தானே இருக்குது?"

"காந்தம் பட்டா உள்ள இருக்கறது அழிஞ்சிருமுங்க" என்றாள். "மூணு மாச வேலைங்கப்பா."

"ஏனம்மிணி, எனக்கெப்படித் தெரியும்?" வாழ்நாளில் முதல்முறையாக அந்தச் சொற்கள் அவர் வாயிலிருந்து வந்தன.

கதவருகில் சென்னியம்மாள் நின்றிருந்தாள். சண்முகப்பிரியா அழுவாள், கத்துவாள் என்று தம்பிதுரை காத்திருந்தார். அப்படி நடந்திருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், பதிலுக்கு அதட்டியிருக்கலாம். அவள் அழவில்லை. வேண்டாத பொருளைக் கடையில் திருப்பிக் கொடுக்கும்போது அவர் உதட்டைச் சுழிப்பாரே, அதே சுழிப்பு அவள் உதட்டில் வந்தது. பேங்க் மேனேஜரையும் சகலையையும் தான் எப்படிப் பார்த்து வந்தோம் என்பதை அவர் அப்போதுதான் எதிரில் நின்று பார்த்தார்.

அவள் கடைசி ஃப்ளாப்பியை அவருடைய உள்ளங்கையில் வைத்தாள்.

"தூக்கிப் பாருங்கப்பா" என்றாள். "என்ன போயிருக்குதுன்னு கையிலயே தெரியுமில்லீங்க?"

சொல்லிவிட்டு அறையை விட்டுப் போய்விட்டாள். தம்பிதுரை, பழக்க தோஷத்தில், அதை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். நேற்றுக் காலையில் இருந்த அதே எடைதான் இருந்தது.