சேர்மன் மகனுக்குப் பேர் கிடையாது

அரசியல் வீட்டில் பிறந்து அரசியலுக்கே வருகிறவனுக்குச் சொந்தப் பேர் கிடையாது. நீங்களும் அப்படி மாட்டிக்கொண்டவர் என்றால் மேலே படியுங்கள். என் பேர் சென்னியப்பன். தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஓர் ஊராட்சிக்கு மூன்று தடவை தலைவர். மூன்றாவது தடவை எதிர்த்து நிற்க ஆளே இல்லை. அப்பா ஒன்றிய சேர்மனாக இருந்தவர். அதனால் ஊருக்கு நான் சேர்மன் மகன். அவ்வளவுதான்.

பார்க்கலாமுங்க

முதல் தேர்தல். வீடு வீடாகப் போனேன். எல்லாரும் மோர் கொடுத்தார்கள். எல்லாரும் "பார்க்கலாமுங்க" என்றார்கள். எங்கள் பக்கம் அதற்கு 'ஓட்டு கிடையாது' என்று அர்த்தம். தெரிந்துதான் இருந்தது. சேர்மன் மகனுக்குக்கூடவா அப்படிச் சொல்வார்கள் என்று நினைத்துவிட்டேன்.

தோற்றேன். ஏன் தோற்றேன் என்று கூட வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சரியான காரணத்தைப் பிரச்சாரத்தின்போதே ஒருவர் சொல்லியிருந்தார். தென்னந்தோப்பில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த ஆறுமுகம். மண்வெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"உங்கப்பாவுக்குப் போட்டோமுங்க, நல்லாத்தான் செஞ்சாருங்க. நீங்க என்னுங்க செஞ்சீங்க, பொறந்ததத் தவுத்து?"

ஆளுயர எழுத்து

அடுத்த தேர்தலிலும் நின்றேன். ஊரின் பள்ளத்தில் அப்பா கட்டிய குடிநீர்த் தொட்டி. அதில் ஆளுயர எழுத்தில் அப்பா பேர். அதைக் கைகாட்டித்தான் ஓட்டுக் கேட்பேன். மேட்டுத் தெருவிலும் காட்டினேன். பள்ளத்துக் குழாய்க்குப் போக, சைக்கிளில் காலிக் குடங்களைக் கட்டிக்கொண்டிருந்தார் பார்வதி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நிமிர்ந்து பார்த்தார்.

"பேரு இங்கிருந்தே நல்லாத் தெரியுதுங்க. தண்ணிதானுங்க மேட்டுக்கு ஏற மாட்டீங்குது."

எந்த மச்சானையும் கேட்காமல்

மேட்டில் வேறு தொட்டி கட்டுகிறேன் என்று அங்கேயே வாக்குக் கொடுத்தேன். ஜெயித்தேன். ஜெயித்தது சுலபம். அப்பாவிடம் சொல்வதுதான் பாடு. பழைய தொட்டியில் விரிசல், இடித்தாக வேண்டும் என்று இன்ஜினியர் வேறு சொல்லிவிட்டார். அப்பா பேரை நானே இடிக்க வேண்டும்.

ஒரு வாரம் அவர் முகத்தைப் பார்க்காமல் சுற்றினேன். கடைசியில் சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். அப்பா சோற்றை முடித்தார். கை கழுவினார். துண்டில் துடைத்தார். அதுவரை அவர் எந்தத் தப்பையும் ஒப்புக்கொண்டு நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். அவர் சேர்மனாக இருந்தபோதுகூட எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

"ஏறாதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்டா. என்ற மச்சான் எடம் குடுத்தான், அங்கியே கட்டிப்போட்டேன். நீ எந்த மச்சானையும் கேக்காமக் கட்டு."

பேர் எழுதுகிற இடம்

கட்டினேன். பெயின்டர் சாரத்தில் நின்றுகொண்டு, "யாரு பேருங்க எழுதறது?" என்றார். அப்பா பேரா, என் பேரா என்று கீழே ஒரு கூட்டம் வாய்பார்த்து நின்றது. "குடிநீர்னு எழுதிட்டு எறங்கு" என்றேன்.

தண்ணீர் திறந்துவிட்ட அன்று மேட்டுத் தெருக் குழாயடியில் முதல் குடம் பார்வதியுடையது. நிரம்பி வழிந்தது. குழாயை மூடாமல் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த ஊரில் அதுவரை 'ங்க' போடாமல் என்னை ஒருவரும் கூப்பிட்டதில்லை. பேர் சொல்லியும் கூப்பிட்டதில்லை.

"சென்னியப்பா, ஏறிப்போச்சப்பா! வந்து பாரு!"

தொட்டியில் யார் பேரும் இல்லாததால் ஊரே ஒரு பேர் வைத்துக்கொண்டது, இன்றைக்கு செல்போன் மேப்பில்கூட அது 'சேர்மன் மகன் தொட்டி'தான்.