நரி கிண்டிய பாத்தி

அப்பா செத்து மூன்றாம் வாரம். வெளிநாடு வந்து நாங்கள் குடியிருந்த கோலியர்ஸ் வுட் வீட்டுப் பின்வளவில் அவர் கடைசியாக நட்ட பன்னிரண்டு தக்காளிக் கன்றுகளும் ஒரு காலையில் வேரோடு பிடுங்குப்பட்டுக் கிடந்தன. நரி கிண்டியிருந்தது.

எனக்கு நரியைவிடப் பக்கத்து வீட்டு ரீற்றா அன்ரி மேல்தான் ஆத்திரம் வந்தது. அவர் தன் பூனைக்கு வெளியில் சாப்பாடு வைப்பவர். வேலிக்கு மேலால் கத்தினேன்.

"நீங்கள்தானே நரிக்குத் தீனி போட்டுப் பழக்கினது? அப்பா நட்டதெல்லாம் போச்சு. இனி ஆர் நட்டுத் தாறது?"

அன்ரி எங்கள் பக்கம் வந்தார். ஒரு குழிக்குள் புதைத்திருந்த மீன் தலையொன்றைத் தடியால் கிளறி எடுத்தார்.

"இதை ஆர் தாட்டது?"

"நான்தான். ஊரிலை அப்பா பசளைக்கு மீன் தலை தாட்டவர்தானே. கன்று வாடக்கூடாதெண்டு செய்தன்."

"இஞ்சை தாட்டவரே? மணத்துக்கு நரி வந்து கிண்டுமெண்டு எனக்கே எத்தினை தரம் சொன்னவர். உனக்குச் சொல்லேல்லையே, தம்பி?"

சொல்லியிருப்பார். சாப்பிடும்போது தோட்டத்தைப் பற்றி அவர் பேசாத நாளில்லை. நான் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவேன்.

அன்ரி மண்ணில் குந்தியிருந்து, தப்பிய நாலு கன்றுகளைத் திரும்ப நட்டார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அப்பாவின் பேச்சை நின்று கேட்டவர் அவர் என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தக் கோபம் முழுக்க என் மேல்தான் என்று ஒத்துக்கொள்ள எனக்குக் கனகாலம் பிடித்தது.