கல் வருவதற்கு முன் குனிந்தேன்

என் பேத்தி யாழினியின் தலையில் கை வைத்துச் செய்த சத்தியத்தை நான் மீறினேன். மீறும்போது அழவில்லை, பயப்படவில்லை... வயிறு வலிக்கச் சிரித்தேன். அதைச் சொல்லத்தான் உங்கள் முன் உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டு நர்ஸ் பெண் எழுதுகிறாள். என் பேச்சைப் புத்தகப் பேச்சாக மாற்றிவிடுகிறாள். மாற்றட்டும், குற்றம் மாறாதே.

திருவள்ளூர் போகும் சாலையில் ராட்டினமும் தண்ணீர்ச் சறுக்கலும் உள்ள பெரிய பார்க் ஒன்றில் நான் பெருக்குகிறேன். போன மழைக்காலம் முடிந்ததும் அங்கே ஒரு மூலையில் நீலத் தகரம் அடித்து மறைத்தார்கள். உள்ளே ராக்கெட் மாதிரி ஒரு அறை. பெல்ட் போட்டு உட்கார்ந்தால் எதிரே திரையில் வானம் ஓடும், நாற்காலி குலுங்கும், மேலே பறப்பதுபோலவே இருக்கும் என்றார்கள். அறை என்னவோ இருந்த இடத்திலேயேதான் இருக்குமாம். அந்த வித்தையை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வரும்.

இதை வீட்டில் சொன்னது என் தப்பு. மகன் கும்மிடிப்பூண்டி கம்பெனி பஸ்ஸுக்கு விடியலிலேயே ஓடுகிறவன், மருமகளும் வேலைக்குப் போகிறவள். செவ்வாப்பேட்டை வீட்டில் யாழினிக்கு நான், எனக்கு அவள். ஒன்பது வயது. நான் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பாள்.

"ஆயா, இன்னிக்கு இன்னா வந்துச்சு?"

"நாற்காலி வந்துச்சு. செவப்புக் கலரு."

"குந்திப் பாத்தியா?"

"ஆமா, என் மாமியார் ஊட்டு சோபா பாரு. தொட்டாலே வேலைய உட்டு அனுப்பிடுவானுங்க."

குள்ளமான பிள்ளைகளை ஏற்ற மாட்டார்கள் என்று வாசலில் ஒரு கோடு போட்டார்கள். எனக்கு எண் தெரியாது. கோட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன், என் தோளுக்கு இரண்டு விரல் கீழே இருந்தது. வீட்டுக்கு வந்து யாழினியை என்னோடு ஒட்டி நிறுத்தினேன். தலை தோளைத் தொட்டது. அன்று அவள் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வந்துவிட்டார். பிறகு தினமும் பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்காரவைத்து, துப்பட்டாவால் கட்டி, பின்னால் நின்று உலுக்குவேன். அதுதான் எங்கள் ஒத்திகை.

ஒருநாள் என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்தாள்.

"எனுக்கு முன்னாடி நீ ஏறக் கூடாது. ரெண்டு பேரும் மொத தபா ஒண்ணாதான் ஏறணும். சத்தியம் பண்ணு."

செய்தேன். தலைச் சத்தியம் தவறினால், தவறியவரை அது தொடாது, அந்தத் தலையைத்தான் தொடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தெரிந்துதான் செய்தேன்.

திறப்பதற்கு ஒரு வாரம் இருந்தது. முதலில் மணல் மூட்டைகளுக்கு பெல்ட் போட்டு ஓட்டிப் பார்த்தார்கள். அப்புறம் வேலையாட்களை ஏற்றினார்கள். சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார்.

"ஆயா, தொடப்பத்த வெச்சிட்டு வா. ஒரு சீட்டு காலியா கீது."

"நான் இன்னாத்துக்கு நைனா? உள்ள செத்து வெச்சன்னா உனுக்குதான் பேஜாரு."

"செத்தா மேலதான போவ? பாதி தூரம் நானே இட்டுக்கினு போறேன், வா."

மறுத்திருந்தால் கேன்டீன் பெண்ணைக் கூப்பிட்டிருப்பார். யாரும் என்னை இழுத்துப்போகவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என் காலால்தான் நடந்தேன்.

அய்யோ, நான் பார்த்ததை எப்படிச் சொல்வேன்! அரக்கோணத்தைத் தாண்டாத கிழவி... கீழே நீலப் பந்தாகப் பூமி உருண்டது. இடது பக்கமிருந்து வீடு அளவுக்கு ஒரு கல் பாய்ந்து வந்தது. குனிந்தேன். தலைக்கு மேலே போயிற்று. சிரித்தேன், கத்தினேன், பக்கத்துப் பையனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

அவ்வளவு நேரமும் யாழினி என் நினைவில் ஒரு தடவைகூட வரவில்லை. சத்தியம் தவறியதைவிட இதுதான் என்னை அரிக்கிறது. அப்படியும் மறக்க முடியுமா ஒருத்தியால்?

அன்று சாயங்காலமும் யாழினி வாசலிலேயே கேட்டாள்.

"இன்னிக்கு இன்னா ஆயா?"

"மூட்டைங்கள வெச்சு ஓட்னாங்க."

"ஆளுங்க ஏறலியா?"

"இல்ல கண்ணு."

இரண்டு நாளில் அவளுக்குக் காய்ச்சல். மருமகள் மாத்திரை கொடுத்தாள். நான் உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றினேன். ஊர் கண், உறவு கண், பள்ளிக்கூடத்துக் கண் என்று எல்லாக் கண்ணையும் வரிசையாகச் சொன்னேன். என் கண்ணை மட்டும் சொல்லவில்லை. அது பருவக் காய்ச்சல் என்று எழுதுகிற பெண் இப்போது சிரிக்கிறாள். இருக்கலாம்...

காய்ச்சல் விட்டது. திறந்த அன்று வேலையாட்களின் வீட்டாரையும் ஏற்றினார்கள். பெல்ட் போட்டதும் யாழினி என் கையை இறுக்கிக்கொண்டாள்.

"பயப்படாத ஆயா. நான் கீறேன்."

முதல்முறை பார்ப்பவளைப்போல வாயைப் பிளந்தேன். நன்றாகத்தான் நடித்தேன். ஆனால் உடம்புக்கு நடிக்கத் தெரியவில்லை. திரையில் வெறும் கருப்பு இருக்கும்போதே இடது பக்கம் பார்த்துக் குனிந்துவிட்டேன். கல் அப்புறம்தான் வந்தது.

வெளியே வந்ததும் கேட்டாள்.

"கல்லு வர்றதுக்கு முன்னாடியே குனிஞ்சியே, எப்பிடி ஆயா?"

"பயத்துல குனிஞ்சிட்டேன்."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"ஆயா ஒரே பயம். நான்தான் கையப் புட்சிக்கினேன்" என்று அம்மாவிடம் சொன்னாள், வகுப்பில் சொன்னாள், கறிக்கடைக்காரரிடம்கூடச் சொன்னாள். ஆயாவை வானத்துக்குக் கூட்டிப்போய் பத்திரமாக இறக்கியவள் அவள். உண்மையைச் சொன்னால் அந்தப் பெருமை போய்விடும். அதனால்தான் வாயைத் திறக்கவில்லையா, அல்லது இதுவும் எனக்கு வசதியான இன்னொரு பொய்யா? நீங்களே சொல்லுங்கள். எனக்குப் புரியவில்லை.

போன வாரம் பார்க்கின் இன்னொரு மூலையில் நீலத் தகரம் அடித்தார்கள். கடலுக்கு அடியில் போகிற அறையாம். எங்கேயோ கேள்விப்பட்டுவிட்டாள். நான் செருப்பைக் கழற்றுமுன் என் கையைப் பிடித்துத் தலைக்குக் கொண்டுபோனாள்.

"சத்தியம் பண்ணு ஆயா."

"சத்தியம்" என்றேன். உள்ளங்கையை மட்டும் அவள் முடியில் படாமல் ஒரு நூல் உயரத்தில் நிறுத்திவைத்தேன்.

அவள் அசையாமல் நின்றாள். கை படவில்லை என்று அவளுக்குத் தெரிந்ததோ, என்னவோ.