எட்டுக் கட்டில்களுக்கு ஒரு கைப்பிடி

என் தங்கையின் கணவர் வெண்டிலேட்டரில் கிடந்த நாட்களை வரிசையாகக் குறித்து வைத்திருக்கிறேன். எண்ணூரில் வேலை செய்துகொண்டிருந்தபோது சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர் அவர். முதல் நாள் எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்து, நுரையீரல் சுத்தமாக இருக்கிறது என்று டாக்டரே சொன்னார். படம் உறையோடு என்னிடம்தான் இருந்தது.

மூன்றாம் நாள், சனிக்கிழமை காலை, உடம்பு துடைப்பதற்காகக் கட்டிலின் தலைப்பக்கத்தை இறக்கினார்கள். துடைத்தபின் யாரும் ஏற்றவில்லை. அதற்குச் சுழற்ற வேண்டிய இரும்புக் கைப்பிடி எட்டுக் கட்டில்களுக்கும் ஒன்றே ஒன்று. களவு போய்விடும் என்று, தலைப்பக்கத்தை இறக்கியதுமே மேற்பார்வையாளர் அதை வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டார். அன்றே விடுப்பில் போய்விட்டார், சாவியோடு. இரண்டு நாளும் மச்சான் மட்டமாகவே கிடந்தார். மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி மட்டும் வேளை தவறாமல் இறங்கியது. அது மேலேறி நுரையீரலுக்குள் போகும் என்று படித்திருந்தேன். சொன்னேன். "சாவி வரட்டும் சார்" என்றார்கள்.

காசிமேட்டில் மீன் விற்கும் என் தங்கை, ஞாயிறன்று கூடையில் நான்கு செங்கற்களோடு வந்தாள்.

"வூட்ல மழைத்தண்ணி பூந்தா கட்டிலுக்குக் கல்லு வெக்கிறோம்ல, அதாண்ணா. தலமாட்டுல ரெண்டு ரெண்டு."

வார்டு ஊழியர் மறித்தார். "இன்னாம்மா, கொத்து வேலைக்கு வந்தியா? கல்லுல கிருமி கீது. எட்த்துகினு போ."

"கல்லுல கீற கிருமி உனக்குத் தெரியுது. எம்புருசன் மட்டமா படுத்துகினு கீறது தெரியலியா?"

ஒருவருடைய சளியை உறிஞ்சி எடுத்த கையைக் கழுவாமல் அடுத்தவரைத் தொட்டவர் அவர். செங்கல்லை மட்டும் உள்ளே விடவில்லை.

ஐந்தாம் நாள் காய்ச்சல். குழாயில் பச்சையாகச் சளி. நிமோனியா என்றார்கள். அலமாரி அன்று மதியம்தான் திறந்தது.

"எண்ணூர்ப் புகை, பீடி. இவங்க நுரையீரலே இப்படித்தான்" என்றார் புதிதாக வந்த டாக்டர். மச்சான் பீடியைத் தொட்டதே இல்லை. முதல் நாள் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன்.

"எங்க எடுத்தது?"

"இங்கதான், சேர்த்த அன்னிக்கு."

அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

வெண்டிலேட்டர் கருவியை எடுக்க மேலும் மூன்று வாரமாயிற்று. பிழைத்தார். வீடு திரும்பிய மாதமே, அந்த வார்டுக்கு இனிப்பு கொண்டுபோகக் கிளம்பி, என்னை அழைக்க மாடியேறி வந்தார்.

"அவங்க இல்லன்னா நான் இல்ல மச்சான். நீயும் வா."

கருவி அவரைக் காப்பாற்றியது உண்மை. அந்த மூன்று வாரத்தை அவருக்குக் கொடுத்தது யார் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். முப்பத்தைந்து வயது மனிதர், இனிப்பு டப்பாவைப் பிடித்தபடி பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு இளைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை. போகவும் இல்லை.